செம்பட்டை முடிக்கு எந்தச் சிவப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் இடுவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். மாநிறப் பெண்களுக்கு இந்தச் சிவப்பு, சிவந்த மேனிக்கு அந்தச் சிவப்பு என்று முகத்தின் நிறத்தை மட்டுமே அளவுகோலாக வைத்து அக்கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. சாயத்தை வாங்கிக்கொள்ளப் போகும் முடியின் சொந்த நிறம் என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருபவள் நான். திருபுவனத்தில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்த்த குடும்பத்தில் பிறந்தவளும்கூட. அந்த ஒரு வரி விடுபட்டதால் எத்தனை பெண்கள் பணத்தையும் முடியையும் இழக்கிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிறேன் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீட்டுச் சாயப்பட்டறையில் சிறுமியாக நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். கச்சாப் பட்டு நூல் வெண்மையாக இருப்பதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் பசை அதற்கு ஒரு மங்கலான மஞ்சளைத் தந்திருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசையை நீக்கி, நூல் வெளுத்த பிறகுதான் அப்பா சாயத் தொட்டிக்கே கொண்டுபோவார். அவசரத்தில் சரியாக வேகாத நூலைத் தோய்த்துவிட்டால், குங்குமச் சிவப்பாக வர வேண்டிய சேலை செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். சாயத்தில் எந்தக் குறையும் இருக்காது. நூலின் அடிநிறம் மேலே வந்து நிற்கிறது என்பதே காரணம். பட்டும் முடியும் இரண்டுமே புரதத்தால் ஆனவை. முடியில் ஏறும் சாயமும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவதுதான்; அடியில் இருப்பதை அது மறைப்பதில்லை, அதனோடு கலந்தே கண்ணுக்குத் தெரிகிறது. நூலைப்போல முடியைக் கொதிக்க வைத்து வெளுக்க முடியாது என்பது ஒன்றே வேறுபாடு. ஆகவே, எனக்கு எந்தச் சிவப்பு பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், என் முடி எந்தச் சிவப்பைக் காட்ட வல்லது என்று கேட்டாக வேண்டும்.

நம் பக்கத்தில் பழுப்பு நிற முடியைச் செம்பட்டை என்கிறோம். அந்தச் சொல்லை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. நானும் செம்பட்டை முடியோடு பிறந்தவள்தான். அதைக் கருக்க வைப்பதற்காகக் கரிசலாங்கண்ணிச் சாற்றைக் காய்ச்சிய எண்ணெயை எங்கள் அப்பாயி வாரந்தோறும் என் தலையில் ஊற்றித் தேய்த்ததும், பள்ளியில் அந்தச் சொல்லையே எனக்குப் பட்டப்பெயராக்கியதும் இன்றும் நினைவிருக்கிறது. ஊட்டக்குறைவால் குழந்தைகளின் முடி செம்மை பாய்வது உண்மை. நாள் முழுவதும் வெயிலில் குனிந்து நாற்று நடும் பெண்களின் முடி நுனி வெளுப்பதும் உண்மை. ஆனால் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்தும் பிறவியிலேயே பழுப்பு முடி உடையவர்கள் நம்மிடையே ஏராளம். முடிக்குக் கருமையையும் பழுப்பையும் தருவது யூமெலனின் என்ற நிறமி. செம்மையையும் மஞ்சளையும் தருவது ஃபியோமெலனின். இவற்றின் அளவும் விகிதமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், கருகரு என்றிருக்கும் முடி ப்ளீச் செய்தால் மட்டுமே காட்டக்கூடிய சிவப்பை, செம்பட்டை முடி எந்த ப்ளீச்சும் இல்லாமல் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். இந்த நல்ல செய்தியைச் சொல்லவாவது தங்கள் கட்டுரை அரைப் பத்தி ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சாயத் தொழிலில் முடி நிறத்தின் அடர்வை 1 முதல் 10 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1 என்பது முழுக்கருமை, 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 வெளிர்பழுப்பு, அதற்கு மேலே உள்ளவை மேல்நாட்டார் பொன்முடி என்று சொல்லும் வகை. நம் ஊரில் கருப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களின் முடியே பல நேரங்களில் வெயிலில் பார்த்தால் 2 அல்லது 3ஆக இருக்கும். செம்பட்டை என்பது 3 முதல் 4 வரை, அரிதாக 5. உங்கள் முடி எந்த நிலையில் இருக்கிறது என்பதை எண்ணெய் வைத்த தலையிலோ ஈரத் தலையிலோ கணிக்க முடியாது. எண்ணெய் இல்லாமல் அலசிக் காய்ந்த முடியைக் காலை வெளிச்சத்தில் சன்னல் ஓரமாக நின்று, பிடரிப் பக்கம், உச்சி, நுனி என்று மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்காது. பிடரியில் 3ஆக இருக்கும் முடி நுனியில் 5ஆக வெளுத்திருப்பதை நீண்ட கூந்தல் உடைய பெண்களிடம் அடிக்கடி காண்கிறேன்.

சென்ற தை மாதத்தில் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் தாயுடன் வந்திருந்தார். அண்ணன் திருமணத்துக்காகக் கடையில் ஒரு பெட்டி வாங்கி வீட்டிலேயே சாயம் இட்டிருக்கிறார். பெட்டியின் மேல் இருந்த படத்தில் புதிதாகத் துலக்கிய செம்புக் குடம்போல முடி பளபளத்தது. இந்தப் பெண்ணின் தலையிலோ வேர்ப்பகுதி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆரஞ்சாகவும், அதன் கீழே நடுமுடி துருப்பிடித்த இரும்பின் நிறத்திலும், நுனி இரண்டுக்கும் ஒட்டாமலும் இருந்தன. திருமணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தத் தாய், "வழித்துவிட்டால்கூடப் பரவாயில்லை அக்கா, இப்படி மணமேடைப் பக்கம் நிறுத்த முடியாது" என்று சொன்னபோது மகள் அழுதுகொண்டிருந்தார். பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அது 7ஆம் நிலைச் செம்பு நிறம். அந்தப் பெண்ணின் முடியோ 4ஆம் நிலை. மூன்று நிலை வெளுக்க வேண்டிய வேலையை, அதற்கென்று வடிவமைக்கப்படாத ஒரு பெட்டிச் சாயத்திடம் ஒப்படைத்திருக்கிறார். போதாததற்கு வேரிலிருந்து தொடங்கி நுனிவரை ஒரே மூச்சில் தடவியிருக்கிறார். தலையின் சூட்டில் வேர்ப்பகுதி முடி விரைவாக வெளுக்கும், சாயமும் விரைவாக முற்றும்; ஆகையால் முதல்முறை சாயம் இடும்போது நடுமுடியில் தொடங்கிவிட்டு, இருபது நிமிடம் போலக் கழித்தே வேருக்கு வர வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததும் ஒரு நிறத்தேர்வுதான். உடனே எதையும் தொடாமல் ஐந்து நாள் பொறுக்கச் சொன்னேன். பிறகு 5ஆம் நிலை மஹோகனிச் சிவப்பை, அதாவது ஊதா கலந்த அரக்கு நிறத்தை, 3 சதவீத டெவலப்பர் என்ற, சாயத்தோடு சேர்க்கும் திரவத்தில் கலந்து, வேரில் முதலிலும் மற்ற இடங்களில் பின்னரும் இட்டேன். ஆரஞ்சு அடங்கி, முடி முழுவதும் அரக்குச் சேலையின் கரைபோல ஒரே நிறமாக வந்தது. முதலிலேயே அந்த 5ஆம் நிலையைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரே பெட்டியில் முடிந்திருக்கும்.

என் அனுபவத்தில், பழுப்பு முடி உடையவர்கள் தங்கள் முடியின் நிலையிலோ அதற்கு ஒரு நிலை மேலேயோ உள்ள சிவப்பை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. கைதேர்ந்தவர்கள் செய்வதானால் இரண்டு நிலைவரை போகலாம். டெவலப்பர் என்று நாங்கள் சொல்வது ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அது 3, 6, 9, 12 சதவீதம் என்ற அளவுகளில் வருகிறது. 6 சதவீதம் ஒன்று முதல் இரண்டு நிலைவரை வெளுக்கும் என்பதால் பழுப்பு முடிக்கு அதுவே போதுமானது. 12 சதவீதத்தை வீட்டில் எடுத்துத் தலையில் வைப்பது விபரீதம்.

அடுத்தது, சிவப்பு என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை சிவப்பு என்பது. சேலைக் கடையில் நம் பெண்களை யாரும் ஏமாற்ற முடியாது. அரக்கு, குங்குமம், மாந்துளிர், செங்காவி, மாதுளை, கத்தரிப்பூ என்று நூலிழை வேறுபாட்டைக்கூடப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அதே கண்ணைச் சாயப் பெட்டியின் முன்னாலும் திறந்து வைத்துக்கொண்டால் போதும். காப்பர் என்று பெட்டியில் எழுதியிருப்பது ஆரஞ்சின் பக்கம் சாய்ந்த சிவப்பு. மாந்துளிருக்கு அண்மையில் நிற்பது. மஹோகனி என்பதும் பர்கண்டி என்பதும் ஊதா கலந்த அரக்கின் குடும்பம். வெறும் ரெட் என்று இருப்பது குங்குமத்துக்கும் மிளகாய்ப் பழத்துக்கும் இடைப்பட்டது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழுப்பு முடியின் உள்ளே ஏற்கனவே ஒரு செம்மை மறைந்திருப்பதை மறக்கக்கூடாது. பெராக்சைடு முடியின் பழுப்பைச் சற்றே வெளுத்தவுடன் அந்தச் செம்மையும் ஆரஞ்சும் வெளியே வரும். அதன் மேல் காப்பரை இட்டால் ஆரஞ்சின் மேல் ஆரஞ்சு சேர்ந்து, படத்தில் கண்டதைவிடப் பன்மடங்கு எரிச்சலான நிறம் கிடைக்கும். ஆரஞ்சு பிடிக்காதவர்கள், தாங்கள் விரும்புவதைவிட ஒரு பங்கு ஊதா கூடிய சிவப்பை எடுத்தால் அது முடியின் சொந்த ஆரஞ்சோடு கலந்து சரியான இடத்தில் வந்து நிற்கும். அலுவலகத்துக்குப் போகிறவர்கள், வயதில் மூத்தவர்கள், முதல்முறையாகச் சாயம் இடுகிறவர்கள் ஆகியோருக்கு நான் எப்போதும் அரக்குக் குடும்பத்தையே சொல்வேன். நிழலில் பழுப்பாகவும் வெயிலில் சிவப்பாகவும் தெரியும் அழகு அதற்கு மட்டுமே உண்டு.

முகநிறத்தைப் பொறுத்தவரை, மாநிறத்துக்குச் சிவப்பு பொருந்தாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மஞ்சள் பூசிக் குளித்த கருப்பு முகத்தில் அரக்கு நிறக் கூந்தல் எவ்வளவு பொலிவாக இருக்கும் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. 5.4 என்பதில் முன்னால் உள்ள 5 முடியின் நிலையையும், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் நிறத்தின் சாயலையும் குறிக்கும். முன் எண் எல்லா நிறுவனங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பின் எண் அப்படி அல்ல. லோரியால் நிறுவனத்தின் வரிசையில் 4 என்பது காப்பரையும் 6 என்பது சிவப்பையும் குறிக்கின்றன. வெல்லா நிறுவனத்தின் வரிசையிலோ 4 என்பது சிவப்பு, 6 என்பது ஊதா. ஒரு நிறுவனத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போய் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை வாங்கி வந்து ஊதாத் தலையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நிற அட்டையில் ஒட்டியிருக்கும் மாதிரிக் கற்றைகளும் பெரும்பாலும் செயற்கை இழையில் செய்யப்பட்டவை. அவற்றின் அடியில் நம் பழுப்பு இல்லை. பெட்டியின் பக்கவாட்டில், உங்கள் முடி இப்படி இருந்தால் நிறம் இப்படி வரும் என்று இரண்டு மூன்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். முன்பக்கத்து அழகியின் படத்தை விட்டுவிட்டு அந்தச் சிறிய கட்டங்களை நம்புங்கள். அதைவிட நம்பகமானது, பிடரியின் உள்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கற்றையை எடுத்து அதில் மட்டும் சாயத்தை இட்டு, அலசிக் காயவைத்து, மறுநாள் வெயிலில் பார்ப்பது.

மூன்று வகையினருக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஏற்கனவே கருப்புச் சாயம் இட்டவர்களின் முடியில் எந்தச் சிவப்பும் ஏறாது. சாயத்தைச் சாயம் வெளுக்காது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. அவர்கள் அந்தக் கருப்பை முறையாக நீக்க வேண்டும் அல்லது புதுமுடி வளரும்வரை காத்திருக்க வேண்டும். பழுப்புக்கு நடுவே நரை கலந்தவர்களுக்கோ எதிர்மாறான தொல்லை. நரையில் அடிநிறம் இல்லாததால் சிவப்பு அங்கே மட்டும் பளீரென்று எரியும். அவர்களுக்குச் சிவப்போடு அதே நிலையின் இயற்கைப் பழுப்பையும் நரையின் அளவுக்கு ஏற்பக் கலந்து இட வேண்டும்.

மூன்றாம் வகையினர் மருதாணி இட்டுப் பழகியவர்கள். ஆடி மாதத்தில் கொல்லையிலிருந்து பறித்து அம்மியில் அரைத்துக் கைக்கு வைத்துக்கொள்ளும் அதே இலைதான் தலைக்கும் நாம் அறிந்த மிகப் பழைய சிவப்பு. அதிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் முடியின் புரதத்தோடு நேராகப் பிணைந்துகொள்கிறது. முடியைச் சற்றும் வெளுப்பதில்லை. அதனால்தான் கருமுடியில் வெயில் படும்போது மட்டும் ஒரு மினுமினுப்பும், நரையில் கடும் ஆரஞ்சும், செம்பட்டையில் ஆழ்ந்த செம்பு நிறமும் வருகின்றன. பழுப்பு முடி உடையவர்களுக்கு மருதாணியே போதும் என்று பலமுறை சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் என் வருமானம் குறைந்தாலும் அவர்கள் முடி நன்றாக இருக்கிறது. ஆனால் எளிதில் அகற்ற முடியாத நிறம் அது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் சிவப்பு மேலும் ஆழமாகிக்கொண்டே போகும். கடைகளில் மருதாணி என்ற பெயரில் விற்கும் பொடிகளில் சில உலோக உப்புகள் கலந்தவை. அவற்றை வைத்த முடியில் பின்னர் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி உடைந்து போகும். கருப்பு மருதாணி என்று விற்பதில் பி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாராஃபெனிலீன்டையமின் என்ற, சிலருக்கு ஒவ்வாமை தரும் வேதிப்பொருள் கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே எங்கள் நிலையத்துக்கு வருபவர்கள் கடைசியாக எப்போது, எந்தப் பொடியை வைத்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிவப்பு மற்ற நிறங்கள் பலவற்றையும்விட விரைவில் வெளிறும். இதையும் தேர்வின்போதே கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் எப்படியும் மங்கப்போகிறது என்பதால், மனத்தில் நினைத்ததைவிட ஒரு படி ஆழமான சிவப்பே பழுப்பு முடிக்கு ஏற்றது. காவிரித் தண்ணீரில் அலசினால் பட்டின் சாயம் நன்றாக நிற்கும் என்பார் அப்பா. இன்று நம்மில் பெரும்பாலோர் குளிப்பது ஆழ்குழாய்த் தண்ணீரில். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களிலிருந்து வரும் என் வாடிக்கையாளர்களின் தலையில் சிவப்பு மற்றவர்களைவிட விரைவாக மங்குவதைக் கவனித்து, கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரையோ குடிநீரையோ பயன்படுத்தச் சொல்கிறேன். ஓரளவு பலன் இருக்கிறது. சாயம் இட்ட பின் இரண்டு நாள் தலைக்கு ஷாம்பு போடாமல் இருப்பதும், வெந்நீரைத் தவிர்ப்பதும், வெயிலில் போகும்போது தலையை மூடிக்கொள்வதும் நல்லது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதவர்கள் சாயம் இடுவதற்கு முன்பே அதை முடித்துவிடட்டும்.

இறுதியாக, நிறத்தைவிட முக்கியமான ஒன்று. நிலைத்து நிற்கும் முடிச்சாயங்கள் பலவற்றில் நான் மேலே சொன்ன பி.பி.டி. அல்லது அதன் உறவுப் பொருட்கள் இருக்கின்றன. சிவப்பு என்பதால் அது இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். காதின் பின்புறமோ முன்கையின் உள்பக்கமோ சிறிது தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறை சாயம் இடும் முன்பும் அப்படிச் செய்ய வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் இடக்கூடாது, இட்டால் பார்வையே பறிபோகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் விதிகளிலேயே இடம்பெற்றது. ஒவ்வாமை சில நேரம் இரண்டாம் நாளில்தான் தலைகாட்டும் என்பதால் நான் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறேன். ஆனால் என் கைக்கு வரும் பெட்டிகளில் பலவற்றில் தமிழ் எழுத்து பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில்தான் இருக்கிறது. சிலவற்றில் என் கண்ணுக்கு அகப்படவே இல்லை. நிறத்தின் பெயரும், எந்த நிலை முடிக்கு அது பொருந்தும் என்ற கட்டமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. அவை படிக்கத்தக்க தமிழில் வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எழுதினால், தயாரிப்பாளர்களும் அதிகாரிகளும் காது கொடுப்பார்கள்.

தங்களிடம் மேலும் ஒரு வேண்டுகோள். மகளிர் பக்கத்தில் அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, வெளிநாட்டு அழகியின் படத்துக்குப் பதிலாக, ஒரே சிவப்பை 3, 4, 5 ஆகிய மூன்று நிலைப் பழுப்பு முடியில் இட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள். வாடிக்கையாளர்கள் விருப்பத்தோடு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போன, சாயமே படாத செம்பட்டை முடிக் கற்றைகள் என்னிடம் இருக்கின்றன. தங்கள் புகைப்படக்காரர் கும்பகோணம் வருவதாக இருந்தால், அவர் முன்னிலையிலேயே அவற்றுக்குச் சாயம் இட்டுத் தர ஆயத்தமாக இருக்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்ட நாள் வாசகி ஒருவர்,
திருபுவனம், தஞ்சாவூர் மாவட்டம்.